ஐஸ் எபிசோடைப் பாதியில் நிறுத்தியவர்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கப்போகிறீர்கள் என்றும், என்ன மைக் வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் செய்தி அனுப்பியிருந்தீர்கள். மைக் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நான் இன்றுவரை என் படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுகிறேன். புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. வருஷத்துக்கு ஒரு முறைகூட வெளியே வராத பட்டுப்புடவை இதற்காவது உதவுகிறதே என்று எனக்குச் சந்தோஷம். மைக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அதன் முன்னால் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊரில் பாதிப் பேருடைய ரத்தம் எனக்குப் பழக்கம். பெயரும் முகமும்தான் சட்டென்று நினைவுக்கு வராது. கடைத்தெருவில் யாராவது நின்று வணக்கம் சொன்னால், இவருக்குத் தைராய்டா சர்க்கரையா என்று யோசித்துக்கொண்டே சிரித்து வைப்பேன்.

பாட்காஸ்ட் யோசனை ரயிலில் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க விடிகாலை ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ச் சீட்டில் ஒரு பையன் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போனில் திறந்து வைத்திருந்தான். அதில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. சுற்றி நின்ற நான்கு பேரும் ஆளுக்கொரு இணையப் பக்கம் தேடிப் படித்து, ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் அவனுக்குக் கல்லீரல் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். பையன் முகம் வெளுத்துப்போய் இறங்கினான். அந்த எண் அப்படியொன்றும் பயப்பட வேண்டிய எண் இல்லை. நான் வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் கூட்டம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று வந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

தினமும் இருட்டோடு கிளம்பி பெங்களூர் போய் இருட்டில் திரும்புகிற ஊர் நம்முடையது. டாக்டரிடம் நின்று பேச யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் ரயிலில் நேரம் இருக்கிறது, காதில் இயர்போன் இருக்கிறது. அதனால் எங்கள் எபிசோடுக்கு ஒரே ஒரு அளவுதான் வைத்தோம். ரயில் கிளம்புகிற மாரிகுப்பத்தில் ஏறி உட்கார்ந்து போட்டால் பங்காருப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். பங்காருப்பேட்டையில் ஏறுகிற கூட்டத்துக்குப் பிறகு பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது.

நான் தனியாகப் பேசிய முதல் இரண்டு எபிசோடுகளை என் மகளே முழுதாகக் கேட்கவில்லை. அதன் பிறகுதான் அடுத்த வீட்டு பலராமன் சாரைச் சேர்த்துக்கொண்டேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஸ்டேஷன் மைக்கில் சொல்லிச் சொல்லியே பழுத்த குரல். மருத்துவம் அவருக்கு ஒரு துளியும் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்பார், நான் சொல்வேன். அவருக்குப் புரியாவிட்டால், 'அம்மா, இது எனக்கு ஏறல, இன்னொரு தபா சொல்லுங்க' என்பார். அந்த வாக்கியத்துக்காகவே எங்களுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தோம். எந்தத் தனி ஆளின் ரிப்போர்ட்டையும் வாசித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். சந்தேகம் கேட்க ஒரு போன் எண் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

இனி ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் ஒரு வேலை இருக்கிறதே, உங்களுக்கே தெரியும். வீட்டில் வயதானவருக்கு பெங்களூரில் ஒரு டாக்டர். அவர் அங்கே இருக்கும் ஒரு லேபைத்தான் நம்புவார். வயதானவரால் ரயில் நெரிசலில் போக முடியாது. என்ன செய்வார்கள்? அக்கம்பக்கத்தில் இருக்கும் நர்ஸைக் கூப்பிட்டு விடிவதற்கு முன்பே ரத்தம் எடுத்து, தினமும் ரயிலில் போகும் மகனுடைய சாப்பாட்டுப் பையிலேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ரத்தம். ரொம்ப அக்கறையான பிள்ளை என்றால் ஒரு ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு அதற்குள் டியூபை வைத்து எடுத்துப் போவான். பால் கெடாமல் இருக்கக் குளிரில் வைக்கிறோம், ரத்தமும் அப்படித்தான் என்று நினைப்பான்.

ஆனால் எல்லாப் பரிசோதனைக்கும் அது பொருந்தாதே. ரத்த அணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அது வெளியே வராதபடி அணு ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் மோட்டார் நிற்பதுபோல, குளிரில் அந்த வேலை நின்றுபோய்ப் பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். அணு உடையாததால் மேலே தெளிந்து நிற்கும் சீரம் சிவக்காது, பார்க்கத் தெளிவாகவே இருக்கும். மெஷினில் வைக்கிற டெக்னீஷியனுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆளுக்குள் இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் இருக்கும். இதைத்தான் பலராமன் சாருக்கு ஒரு எபிசோடு முழுக்கச் சொன்னேன். அவர் மூன்று தபா கேட்டுப் புரிந்துகொண்டார். நன்றாக வந்த எபிசோடு அது. எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தேன். பீரோ திறந்திருக்கிறது, பலராமன் சார் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார். பாட்காஸ்ட் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் இங்க பாலகாட் மைன்ஸ் லைன்ல இருந்து சதீஷ் பேசறேன். டெய்லி உங்க பாட்காஸ்ட் கேக்கற செட்டு எங்களுது. ஒரே ஒரு டவுட்டு சார். நேத்து எங்கப்பா பிளட்ட ஐஸ்ல வச்சி எடுத்துனு போனேன். சாயங்காலம் பெங்களூர் லேப்ல இருந்து போன் பண்ணி, பொட்டாசியம் ஏழுக்கு மேல கீது, ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்கன்றாங்க. நான் பயந்தே பூட்டேன். வர்ற ட்ரெயின்ல ஃபிரெண்டுதான் நான் கேக்காம வுட்ட உங்க ஐஸ் எபிசோட போட்டுக் காட்டினான். அது ஐஸ்னாலதான சார்?"

"ஐஸ்ல வெச்சீங்களா? அப்ப ஐஸ்தாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் பலராமன் சார்.

எத்தனையோ வருஷம் ஸ்டேஷனில் ஒலித்து ஊரே நம்பிப் பழகிய குரல். அந்தப் பக்கம் சதீஷ் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. "தேங்க்ஸ் சார், எங்கம்மாதான் கேளு கேளுன்னு உயிர எடுத்துச்சு" என்று போனை வைக்கப் போனான்.

நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன். பலராமன் சாரின் கண்ணாடி கீழே விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் லேபுக்குத் தலைமை வகித்த டாக்டரம்மா. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அபாயமான எண் ஒன்று வந்தால் வார்டுக்கு அவரே போன் செய்வார். எண்ணைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு கேள்வி கேட்பார்: 'அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?' நர்ஸ் என்ன பதில் சொன்னாலும் ரத்தத்தை மறுபடி அனுப்பச் சொல்லாமல் போனை வைக்க மாட்டார். அந்தப் பதில் எதற்கென்றால், எவ்வளவு அவசரமாக ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். சந்தேகம் என்பது ரிசல்ட் ஆகாது என்று எங்களைத் திட்டுவார்.

அந்தக் கேள்விதான் என் வாயில் வந்தது. "தம்பி, அப்பா இப்ப இன்னா பண்ணினு இருக்காரு?"

"சும்மாதான் குந்தினு கீறாரு மேடம்."

"மட்டன் வாங்கியாச்சா இன்னிக்கு?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊரில் வீட்டுப் பெரியவர் என்ன செய்வார் என்று யோசித்தேன், அதுதான் தோன்றியது.

"நான்தான் போயி வாங்கினு வந்தேன். எப்பவும் அவுருதான் போவாரு. யாரையும் நம்ப மாட்டாரு. இன்னிக்கு நீயே போடான்னாரு."

"ஏனாம்?"

போன் கைமாறியது. சதீஷின் அம்மா. "நான் கன்னியம்மா பேசறேம்மா. ரெண்டு மூணு நாளா காலு துவளுதுன்றாரு. எழுந்து நிக்க சொவுத்தப் புடிக்கறாரு. வயசாயிடுச்சு, சும்மா இரு அப்டின்றாரு."

கால் துவளுவதற்கு நூறு காரணம் இருக்கலாம். பொட்டாசியம் நிஜமாகவே ஏறியிருந்தாலும் கால் துவளும். அடுத்தது இதயம். அதற்கு முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது; பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடலாம். இதயத்துக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று கன்னியம்மா அடுத்துச் சொன்னார். அந்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைக்கும்.

ஐஸில் வைத்த ரத்தம் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று போனில் பிரிக்க முடியாது. ராத்திரி முழுக்க ஒரு வீடு எங்கள் எபிசோடை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

"சதீஷ், ஒடனே ஆட்டோ வச்சி அப்பாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வா. நான் லேபுக்கும் டாக்டருக்கும் சொல்லிடறேன்."

"அவுரு வர மாட்டேன்றாரு மேடம். எபிசோட அவுருக்கும் போட்டுக் காட்டிட்டேன். லேபம்மாவே ஐஸ்தான்னு சொல்லிட்டாங்க, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரின்றாரு."

என் பேச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டார். சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான், அன்று வரவில்லை.

லேபுக்குப் போன் செய்து டூட்டியில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். இப்போது ஒருவர் வருவார், கையை மூடி மூடித் திறக்கச் சொல்லாதே, அதிலும் பொட்டாசியம் ஏறும், ஐஸ் பக்கமே கொண்டுபோகாதே, எடுத்தவுடன் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்து ஓட்டிவிடு. டூட்டி டாக்டரிடமும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஈசிஜி, மற்றதெல்லாம் பிறகு என்றார் அவர். பிறகு நானும் பலராமன் சாரும் ஆட்டோ பிடித்தோம். பாலகாட் வரும்வரை அவர் விழுந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சதீஷின் அப்பா சின்னதுரை. சுரங்கம் மூடுகிற வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். அகலமான தோள், சவரம் செய்யாத முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலிக் கையைப் பிடித்தவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அதை மறைக்க உடனே சத்தமாகப் பேசினார்.

"வாங்க லேபம்மா. வாங்க ரயில் சாரு. கொரல கேட்டுனு இருந்தேன், இன்னிக்கு மொகம் பாக்கறேன். கன்னியம்மா, டீ போடு!"

"டீ அப்பறம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து குடிக்கலாம், கிளம்புங்க."

"இன்னா மா நீங்க? நீங்களே ஐஸ்ல வச்சா ஏறும்னு சொல்லிக்கீறீங்க. நேத்து ரெண்டு தபா கேட்டேன்."

"சொன்னேன். ஐஸ்ல வைக்காமயே ஏறும், அப்படி ஏறினா ஆபத்து, அதனால எண்ணு ஜாஸ்தியா வந்தா மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி மறுபடி பாக்கணும்னும் அதே எபிசோட்ல சொல்லியிருக்கேனே."

சின்னதுரை மகனைப் பார்த்தார். சதீஷ் தலையைச் சொறிந்தான். "ட்ரெயின்ல அந்த எடத்துலதான் மேடம் ஸ்டேஷன் வந்துச்சு. ஒரே கத்தல். ஐஸ்ஸு வரைக்கும்தான் கேட்டுது."

"நீங்க வீட்டுல ரெண்டு தபா கேட்டீங்களே?" என்றேன் பெரியவரிடம்.

"ஐஸ்ஸுன்னு வந்திச்சா, அதாண்ட நிறுத்திட்டேன். வேண்டியது கெடச்சிடுச்சி, அதுக்கு மேல இன்னாத்துக்கு?" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. வேண்டியது கிடைத்ததும் நிறுத்தத்தானே யாரும் செய்வார்கள்? நானே மகள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜில் 'நல்லா இருக்கேம்மா' என்று வந்தவுடன் நிறுத்துகிறவள்தான்.

சாமர்த்தியமாகப் பேசிப் பார்த்தேன். "ஐயா, நீங்க கீழ லெவல்ல வேலை செய்யும்போது பாறையில ஒரு சத்தம் கேட்டா, நிஜமா பொய்யான்னு அங்கயே நின்னு பேசினு இருப்பீங்களா? கேஜ்ல ஏறி மேல வந்துட்டுத்தானே மறுவேலை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சத்தம் தெனம் கேக்கும்மா. ஒவ்வொரு தபாவும் மேல வந்துனு இருந்தா ஷிஃப்ட்ட யாரு பாக்கறது?"

என் உதாரணம் அங்கேயே படுத்துவிட்டது. பயமுறுத்தினாலும் நடக்காது என்று தெரிந்தது. பூமிக்கு அடியில் வாழ்நாளைக் கழித்துவிட்டு வந்தவரிடம் ஓர் எண்ணைக் காட்டி என்ன பயமுறுத்துவது? நேரம் போய்க்கொண்டிருந்தது. பேசும்போது அவர் கை தொடையைத் தடவிக்கொண்டே இருந்தது. கன்னியம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் பலராமன் சார் வாயைத் திறந்தார். ஸ்டேஷன் குரல் இல்லை, ரொம்பத் தாழ்ந்த குரல்.

"துரை, காலையில ஐஸ்தான், பயப்படாதீங்கன்னு சொன்னது இந்தம்மா இல்ல. நான். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ரயிலு வருதுன்னு சொல்லி வரலன்னா ஜனங்க திட்டுவாங்க, அவ்ளோதான். இதுல நான் சொன்னது தப்பாப் போனா நான் இன்னா பண்ணுவேன்? அந்த வார்த்தைய நான் எப்டி வாபஸ் வாங்கறது?"

சின்னதுரையின் சிரிப்பு நின்றிருந்தது. இதுதான் சமயம் என்று நான் புகுந்தேன். அவருக்கு எது பிடிக்கும் என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது: ஜெயிக்கப் பிடிக்கும்.

"சரி, பந்தயம். ஆஸ்பத்திரிக்கு வாங்க. ரத்தம் நார்மல்னு வந்தா அடுத்த ஞாயித்துக்கெழமை மைக்க உங்க கையில குடுத்துடறேன். லேபம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, வீணா இஸ்துகினு போச்சுன்னு ஊரே கேக்கறாப்ல திட்டுங்க. ஒரு வார்த்தைய வெட்ட மாட்டோம்."

"நெசமாவா?"

"பலராமன் சாரு சாட்சி."

அவர் வாசற்படியைத் திரும்பிப் பார்த்து, "கன்னியம்மா, சட்டைய எடுத்தா" என்றார்.

சதீஷும் பலராமன் சாரும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் அவரை ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. வழியெல்லாம் மைக்கில் என்னைப் பற்றி என்னென்ன சொல்லப்போகிறார் என்று எடுத்துவிட்டுக்கொண்டே வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கர்த்தரே, இந்த மனுஷன் என்னைத் திட்டும்படி ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு மனசார எந்தத் திட்டுக்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

ஈசிஜி தாளை டாக்டர் ஒரு தடவைதான் பார்த்தார். அடுத்த நிமிஷம் ரூமில் எல்லோருடைய நடையும் மாறியது. எடுத்த ரத்தம் லேபுக்குப் போகும்போதே மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. ரிசல்ட்டுக்காக அவர் காத்திருக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அன்று அந்த டாக்டர் செய்ததுதான் சரி. லேப்காரர்களான நமக்கு நம் எண் வந்த பிறகுதான் உலகமே அசையும் என்று ஒரு நினைப்பு உண்டு.

ரிசல்ட் வந்தது. ஏழுக்கு மேல் என்றிருந்தது ஆறுக்குக் கொஞ்சம் மேலாக இறங்கியிருந்தது. அதாவது ஐஸும் தன் பங்குக்கு ஏற்றியிருக்கிறது. ஆனால் மீதி அவருடையது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆறே போதும், அந்த இதயத்துக்கு. நான் எபிசோடில் சொன்னதும் சரி, பெங்களூர் லேப் போன் செய்து அவசரப்படுத்தியதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் ஓர் உயிர் போயிருக்கும்.

டாக்டர் கன்னியம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். இளநீர், பழம் எல்லாம் கேட்டுவிட்டு, உப்பு எப்படி என்றார்.

"உப்பு கம்மி பண்ணணும்னு சொன்னாங்கன்னு இவன் பெங்களூர்ல இருந்து சோடியம் கம்மியான உப்புன்னு ஒரு பாக்கெட்டு வாங்கினு வந்து குடுத்தான் சார். அதுல ருசியே இல்லன்னு இவுரு ரெண்டு பங்கு போட்டுக்குவாரு."

சோடியத்தைக் குறைத்த அந்த உப்பில் அதற்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். மற்றவர்களுக்குச் சரி. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கூடாது. டாக்டர் அதைச் சொன்னதும் சதீஷ் சுவரோடு சாய்ந்துவிட்டான். ஐஸும் அவன் வைத்தது, உப்பும் அவன் வாங்கியது. அப்பாவோடு உட்கார்ந்து பேச நேரமில்லாமல் இருட்டில் போய் இருட்டில் வருகிற பிள்ளை, பையில் எதை எடுத்துப் போக முடியுமோ எதை வாங்கி வர முடியுமோ அதிலேயே தன் பாசத்தையெல்லாம் காட்டியிருக்கிறான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவன் அழத் தொடங்கியதும் நானும் சேர்ந்து அழுதேன், அவ்வளவுதான்.

சின்னதுரை கட்டிலில் படுத்தபடி எங்களைப் பார்த்தார். "இன்னாடா, நான் இன்னும் சாவல. எதுக்கு ரெண்டு பேரும் அழுவறீங்க?" என்றார். பிறகு என்னிடம், "அப்போ பந்தயம்?" என்றார்.

"தோத்துட்டீங்க" என்றேன்.

"ச்சே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஜமாகவே வருத்தம்.

அவர் வீட்டுக்குத் திரும்பி, மறுபடி தானே போய் மட்டன் வாங்க ஆரம்பித்த பிறகு, நானும் பலராமன் சாரும் உட்கார்ந்து எங்கள் பழைய எபிசோடுகளையெல்லாம் கேட்டோம். எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. முதலில் ஆறுதல், பயப்பட வேண்டாம், இதெல்லாம் சகஜம். கடைசியில் எச்சரிக்கை, ஆனாலும் டாக்டரைப் பாருங்கள். மேடையில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். ஆறுதல் கிடைத்த இடத்தில் மனிதர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரயிலில் கேட்கிறவர்களை ஸ்டேஷனே நிறுத்திவிடும்.

அதனால் எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். செய்ய வேண்டியது முதலில், அதற்கான காரணம் நடுவில், ஆறுதல் கடைசியில். எச்சரிக்கை கேட்காமல் போவதைவிட ஆறுதல் கேட்காமல் போனால் நஷ்டம் குறைவு. ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்று பலராமன் சார் பயந்தார். கொஞ்சம் குறையத்தான் செய்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். நீங்கள் தொடங்கும்போது உங்களுக்கும் இந்த ஆசை வரும். கேட்கிறவரை முதல் நிமிஷத்திலேயே சிரிக்க வைத்து, தைரியம் சொல்லி, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று. வாங்காதீர்கள். உங்கள் குரலை ஜனங்கள் நம்பத் தொடங்கும் நாளில் அது ரிப்போர்ட்டுக்குச் சமானமாகிவிடுகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பதுபோல் அதன் பக்கத்தில் யாரும் நார்மல் அளவைப் போட்டுக் காட்டுவதில்லை.

பலராமன் சார் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மைக்கில் 'பயப்படாதீங்க' என்று சொன்னதில்லை. 'எனக்கு ஏறல, இன்னொரு தபா சொல்லுங்க' மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் செய்தோம். தோற்றவருக்கு மைக் கிடையாது என்பதுதான் பந்தயம். ஆனால் நாங்களே பாலகாட்டுக்குப் போய் அவரைக் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தோம். பீரோவுக்கு முன்னால் உட்காரவைத்ததும், "இன்னா லேபம்மா, பொடவைங்க கிட்ட பேசச் சொல்றீங்களா?" என்று நக்கல் செய்துவிட்டு, நாங்கள் எழுதிக்கொடுத்த தாளை ஓரமாக வைத்தார். தனக்குத் தோன்றியதைச் சொன்னார். ஒரே தடவையில் முடிந்தது. நாங்கள் ஒரு வார்த்தையையும் வெட்டவில்லை.

இப்போது எந்த எபிசோடானாலும், சர்க்கரையோ தைராய்டோ எதைப் பற்றியதானாலும், முதலில் வருவது அந்தக் குரல்தான். சதீஷ் சொன்னான், அவன் பெட்டியில் நிறையப் பேர் மாரிகுப்பத்தில் ரயில் நகரத் தொடங்கியதும் ஒன்றாகப் போடுகிறார்களாம். அவனும் போடுகிறான். தூங்கும் அப்பாவை எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு வந்த பிள்ளையின் காதில், அந்த இருட்டிலும் கரகரவென்று அப்பா பேசுகிறார்:

"நான் பாலகாட் சின்னதுரை. பாதியில நிறுத்தாதீங்க. நான் நிறுத்தினேன்."